எட்டு மூஞ்சியும் என் ஒரு உசுரும்

இரும்புக் கதவு மேலே ஏறியது. சின்னச் சிவப்பு ரோபோ உள்ளே நடந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கதவு இறங்கி மூடிக்கொண்டது.

எங்கள் தாராவி வீட்டின் ஒற்றை அறையில் அப்போது பதினைந்து பேராவது இருந்திருப்போம். வாசற்படியில் நின்றவர்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்களும் தனி. யாரும் மூச்சுகூட விடவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா இருக்கிற இடத்தில் அதெல்லாம் நடக்காது.

"ஏட்டி மாரி, கண்ண சிமிட்டாத. கண்ண சிமிட்டாதங்கேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாரி என் அக்கா. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு, டிவி கேமின் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு ரோபோக்களையும் வீழ்த்திவிட்டு அந்தக் கடைசிக் கதவுக்குள் போன முதல் ஆள் அவள்தான். உள்ளே இருப்பவன் எப்படி இருப்பான் என்று எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியாது.

அவனை அவள் ஜெயித்துவிட்டால் டிவி கேம் எங்கள் வீட்டிலேயே இருக்கும். தோற்றால் அன்று மத்தியானமே காசிச் சித்தப்பாவின் புது வீட்டுக்கு, நெருளுக்குப் போய்விடும். அவர் பிடித்த டெம்போ தொண்ணூறு அடி ரோட்டில் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது.

இந்தத் தொடரில் சென்ற வாரம் குழாயடி லைனைப் பற்றி எழுதியிருந்தேன். 'தண்ணீருக்கு நின்றதையெல்லாமா எழுதுவது?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுதத்தான் வேண்டும் ஐயா. அந்த லைன் தெரியாதவருக்கு இந்த வாரக் கதை புரியாது.

கப்பலில் வந்த பெட்டி

காசிச் சித்தப்பா அப்பாவின் தம்பி. சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். கரைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்குவார். ஒருமுறை எந்தத் துறைமுகத்திலிருந்தோ ஒரு டிவி கேமும் ஒரே ஒரு கேசட்டும் வாங்கி வந்தார். கேசட்டின் மேல் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. பெயரைப் படிக்க வழியில்லை. போட்டதும் திரையில் எட்டுக் கட்டங்களில் எட்டு ரோபோ முகங்கள் வந்தன. அதனால் அதற்கு 'எட்டு மூஞ்சி' என்று பெயராகிவிட்டது.

விளையாட்டு எளிது. எட்டு முகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவன் ஊருக்குள் இடமிருந்து வலமாக ஓடி, குதித்து, சுட்டு, கடைசியில் அவன் அறைக்குப் போய் அவனோடு மோத வேண்டும். எட்டுப் பேரும் விழுந்தால் ஒன்பதாவதாக ஒரு கோட்டை திறக்கும். நம் ஆள் சிவப்பு ரோபோ. எங்கள் பழைய டிவியில் சிவப்பு மட்டும் எப்போதும் தூக்கலாகத் தெரியும், ஆகவே அது உண்மையிலேயே சிவப்புதானா என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

பெயர் தெரியாத எட்டுப் பேருக்கும் நாங்களே பெயர் வைத்தோம். பனிக்கட்டி எறிகிறவன் பர்ஃப்வாலா. தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்து திடீரென்று முன்னால் குதிக்கிறவன் டிசி, ரயிலில் டிக்கெட் கேட்கிறவரேதான். நெருப்பு விடுகிறவன் பேச்சியக்கா. இது அவளுக்கும் தெரியும், அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அந்த விளையாட்டைச் செய்தவன் யாரோ, நல்ல மனுஷன். அது ஏமாற்றாது. ஒரு புதிய ஆபத்தை முதலில் விழுந்தாலும் சாகாத இடத்தில் காட்டும். காலடியில் மறைகிற பலகை என்றால், முதலில் அதன் கீழே தரை இருக்கும். பலகை மறைந்தால் பொத்தென்று விழுந்து எழுந்துகொள்ளலாம். அதற்கப்புறம்தான் அதே பலகையைப் பள்ளத்துக்கு மேல் வைக்கும். இந்த நாணயத்தை நான் பிற்பாடு எந்த முதலாளியிடமும் பார்த்ததில்லை. செத்தால் தப்பு நம்முடையது. அதனாலேயே மறுபடி மறுபடி போனோம்.

அம்மாவின் சட்டம்

ஒரு வாரத்தில் சந்தே எங்கள் வீட்டில் இருந்தது. சண்டை வராமல் இருக்குமா? ஒருவன் ரிமோட்டை விடவில்லை, இன்னொருவன் அவன் தலைமுடியை விடவில்லை. மூன்றாம் நாள் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"குழாயடியில என்ன முறையோ அதுதான் இங்கயும். வந்த வரிசைக்கு நம்பர். ஒருத்தருக்கு ஒரு உசுரு. செத்தா அடுத்த ஆளு. வீட்டு ஆளுக கடைசி."

அவ்வளவுதான் சட்டம். எங்கள் சந்தில் குழாயடி நம்பர் என்பது சாதாரண விஷயமில்லை. விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். காய்ச்சலில் கிடந்தாலும் தண்ணீர் பிடிக்கும் ஹண்டாவை வரிசையில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். ஒருவர் நம்பரை இன்னொருவர் தொடுவதில்லை. தன் நம்பரை யாருக்காவது விட்டுக்கொடுத்தவர் என்று ஒருவரை நான் கண்டதில்லை.

அப்படி எங்கள் டிவி முன்னாலும் வரிசை உட்கார்ந்தது. நாற்பது வயதுப் பேச்சியக்காவும் நம்பர் போட்டாள். வீட்டு ஆட்கள் கடைசி என்பதால் எப்போதும் கடைசிக்கு முந்தின நம்பர் அக்காவுக்கு, கடைசி நம்பர் எனக்கு. எனக்குப் பதினோரு வயது. முறை வருவதற்குள் பாதி நாள் உலை கொதித்து, சாப்பாடு ஆகி, ஆட்டமே முடிந்துபோயிருக்கும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ரிமோட்டின் நடுவில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும். ஒருவன் அதை அழுத்தி நிறுத்திவிட்டு, தன் உசுரைப் பத்திரமாக வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தான். வரிசை காத்துக் கிடந்தது. அம்மாவுக்கு வந்ததே கோபம்! வயர் சுற்றுகிற கறுப்பு டேப்பை எடுத்து அந்தப் பட்டன்மேல் ஒட்டிவிட்டாள். ஆட்டத்தைத் தொடங்கவும் அதே பட்டன்தான் என்பதால், அப்போது மட்டும் அவளே டேப்பைத் தூக்கி ஒரே ஓர் அழுத்து அழுத்துவாள். உடனே மறுபடி ஒட்டிவிடுவாள்.

நிறுத்தும்போது திரையில் ஏதோ ஒரு பட்டியல் வரும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் ஜப்பான் எழுத்து. அதை யார் படிப்பது?

நிகில் காட்டிய பட்டியல்

இங்கே ஒரு முப்பது வருஷம் தாண்டிக் குதிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் மாட்டுங்காவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கூட வேலை பார்க்கும் நிகில் சின்னப் பையன், டீ நேரத்தில் போனும் கையுமாக இருப்பவன். ஒருநாள் தற்செயலாக அவன் தோளுக்கு மேல் பார்த்தேன். எட்டுக் கட்டம், எட்டு மூஞ்சி. நான் போட்ட கூச்சலில் ரத்தம் கொடுக்க வந்த ஒரு மாமி எழுந்து நின்றுவிட்டார்.

அவன் போனில் ரோபோ ஆரஞ்சு நிறம். அதுகூடப் போகட்டும். நெருப்பு ரோபோவின் அறைக்குள் போனதும் அவன் ஆட்டத்தை நிறுத்தினான். பட்டியல் வந்தது. அதில் எதையோ தொட்டான். நம் ஆளின் நிறம் மாறியது. அவன் கையிலிருந்து பனிக்கட்டி பறந்தது. மூன்று அடி. பேச்சியக்கா விழுந்துவிட்டாள்!

"இது என்ன?" என்றேன்.

"வெப்பன் மேடம். ஒருத்தனை அடிச்சா அவன் வெப்பன் நமக்கு வரும். அதை வெச்சு அடுத்தவனை அடிக்கணும். அதுதானே கேமே" என்றான் நிகில். அவன் சொன்னது இந்தியில். அவன் முகத்தில் தெரிந்த ஆச்சரியத்தைத்தான் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. "நீங்க எப்படி ஆடினீங்க?"

"வெறும் துப்பாக்கியால."

"சப் கே சப்? எட்டுப் பேரையுமா? யார் ஆடினாங்க அப்படி?"

"என் அக்கா" என்றேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பார்த்துக்கொண்டே சாகிறவள்

அக்கா எப்படி ஆடுவாள் என்று சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். அவள் விட்டாளா, பள்ளிக்கூடம் அவளை விட்டதா என்பது வேறு விஷயம். வீட்டிலேயே 'தாகா கட்டிங்' வேலை. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக வரும். நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டித் தர வேண்டும். புதுத்துணியின் கஞ்சி வாசம் எங்கள் வீட்டுச் சோற்றில்கூட இருக்கும். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நூல்காரி' என்பார்கள், இல்லையென்றால் 'ஃபெயிலானவ' என்பார்கள்.

ஒரு சட்டையைக் கையில் எடுத்ததும் அவள் வெட்ட ஆரம்பிக்க மாட்டாள். முன்னால் ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை. அப்புறம் கத்தரி நிற்காமல் போகும். விளையாட்டிலும் அதே வழக்கம்தான். புதிய ரோபோவின் அறைக்குள் போனால் அவள் முதல் முறை சுடவே மாட்டாள். அவன் எத்தனை முறை குதிக்கிறான், எப்போது திரும்புகிறான், எறிவதற்கு முன் கையை எப்படித் தூக்குகிறான் என்று பார்த்துக்கொண்டே நின்று செத்துப்போவாள்.

"ஒரு உசுர வேஸ்ட் பண்ணிட்டாளே!" என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"பாத்தாத்தான தெரியும்" என்பாள். அடுத்த முறை அந்த ரோபோ அவள்மேல் ஒரு கீறல் போட முடியாது. டிசியை அவள் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் குதிப்பதற்கு முன்பே இவள் நகர்ந்திருப்பாள். எட்டுப் பேரில் ஆறு பேரை எங்கள் சந்தில் முதலில் வீழ்த்தியது அவள்தான். மழைக்காலம் முடிவதற்குள் 'நூல்காரி' போய், 'மாரிகிட்ட கேளு' வந்துவிட்டது. பெரியவர்கள்கூட வந்து அவளிடம் யோசனை கேட்டார்கள். அவள் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தது அப்போதுதான். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு நம்பர், இன்னொரு நம்பர்

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு நெருளில் வீடு கிடைத்தது. சித்தியும் ஊரிலிருந்து வந்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை வந்து, "நாளைக்கு டிவி கேமையும் எடுத்துட்டுப் போறேன்" என்றார். வீடே எழவு விழுந்ததுபோல் ஆயிற்று. அவருக்கே பாவமாகிவிட்டது.

"சரி, நான் கெளம்புததுக்குள்ள ஒருத்தராவது முழுசா முடிச்சுக் காட்டுங்க. மிஷின் இங்கனயே இருக்கட்டும்" என்றார். மூன்றாவது ரோபோவையே அவர் தாண்டியதில்லை. ஆகவே தைரியமாகச் சொன்னார்.

ஞாயிறு காலை, தண்ணீர் பிடித்த கையோடு வரிசை கூடியது. அந்த கேசட்டில் உசுரெல்லாம் தீர்ந்தால் எட்டு மூஞ்சிக்கே திரும்பிவிடும், எல்லாம் முதலிலிருந்து. வழியில் கிடைக்கிற உபரி உசுர்களைச் சேர்த்தாலும் ஆளுக்கு ஒன்று என்று ஆடினால் ஒருநாளும் முடியாது. இது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பேச்சியக்காதான் திறந்தாள். "ஏ நம்பரு மாரிக்கு" என்றாள்.

குழாயடியில் அரை டம்ளர் விட்டுக்கொடுக்காதவள் அவள். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல், "ஏ நம்பரும்." இன்னொன்று, "நானும் தாரேன்." வரிசையே ஒவ்வொன்றாக அக்காவிடம் வந்தது. அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

நான் மட்டும் தரவில்லை. என் நம்பர் கடைசி. அதுவரை போகாது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மதியம்வரை ஆடினாள். எட்டுப் பேரும் விழுந்தார்கள். கோட்டை திறந்தது. அங்கே சில உசுர்கள் போயின. கடைசிக் கதவு ஏறி இறங்கியபோது திரையில் மீதி இருந்தது இரண்டு. வரிசைப்படி ஒன்று அவளுடைய சொந்த நம்பர். இன்னொன்று என்னுடையது.

உள்ளே இருந்தவன் திரையில் பாதி உயரம் இருந்தான். அக்கா வழக்கம்போல் சுடாமல் நின்று பார்த்தாள். அவன் ஒரு கையை ஓங்கித் தரையில் அறைந்தான். தரையெல்லாம் தீ. முதல் அடியிலேயே அவள் போய்விட்டாள்.

ஆனால் எங்களுக்குப் பயமில்லை. அக்கா பார்த்துவிட்டாள் அல்லவா? அடுத்த உசுரில் அவன் கதை முடிந்தது என்றிருந்தோம்.

அடுத்த உசுர் என்னுடையது.

அது தொடங்க இரண்டு மூன்று விநாடிதான். பட்டன்மேல் டேப் இருந்ததால் ஆட்டத்தை நிறுத்தவும் முடியாது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "குடுத்துருட்டி செல்வி!" அக்காவும் திரும்பிப் பார்த்தாள். கேட்கவில்லை. ரிமோட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

செத்தேன். நாலு விநாடி இருக்கும். திரையில் எட்டு மூஞ்சியும் புத்தம் புதிதாக வந்து நின்றன.

சித்தப்பா வயரைச் சுருட்டியபோது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டெம்போக்காரன் சந்து முனையிலிருந்து "சலோ பாய்!" என்று கத்தினான். "ஒன் ஆசைக்கு ஒரு தெருவே பட்டினியாட்டி?" என்றாள் பேச்சியக்கா என்னைப் பார்த்து. பல மாதம் சந்தில் யாரும் என்னைக் கூட்டுச் சேர்க்கவில்லை. அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. சட்டைக் கட்டை அவிழ்த்து நூல் வெட்ட உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் மறுபடியும் அவள் 'நூல்காரி' ஆனாள்.

அக்காதான் ரிமோட்டைக் கொடுத்தாள், நான் பிடுங்கவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதிப் பொய். அவள் நீட்டுவதற்கு முன்பே என் கை நீண்டிருந்தது.

பாண்டுப்பில்

அக்கா இப்போது பாண்டுப்பில் இருக்கிறாள். வீட்டு முன்னறையில் தையல் கடை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும் செம்பூரிலிருந்து அவளைப் பார்க்கப் போனேன். முதலில் நிகில் காட்டிய பட்டியலைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். "நல்லா ஒட்டினா அம்மா டேப்பு!" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்த தைரியத்தில் மற்றதையும் சொல்லிவிட்டேன், என் கை முன்னாலேயே நீண்டதை.

சிரிப்பு நின்றது. "தெரியும்" என்றாள். "நான் பாத்தேன்லா."

"பின்ன ஏன் கேக்கல? கேட்டிருந்தா குடுத்திருப்பேன்க்கா."

கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எனக்குப் பயமாத்தான் இருந்துச்சி செல்வி. அத்தன பேரும் அவிய நம்பர என் மடில போட்டுட்டாவ. அவன் அடிச்ச அடில நான் ஒண்ணையும் பாக்கல. பாத்தேன்னு நீங்கள்லாம் நெனச்சிய. அடுத்ததுலயும் செத்திருப்பேன். செத்துட்டு அவிய மூஞ்சில எப்படி முழிப்பேன்? அப்பதான் நீ கைய நீட்டுன. எனக்கு உசுரு வந்துச்சி."



"தெருவே ஒன்ன ஏசுச்சி. நான் வாயத் தொறக்கல" என்றாள். "அது தப்புத்தான்."

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. முப்பது வருஷம்! பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை. அவள் தடுக்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஸ்டேஷன்வரை வந்தாள். பிளாட்பாரத்தில் நான் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் ஒரு பக்கம்.

"கடைசி ரோபோ முன்னால நீ என்ன செஞ்சேன்னு ஒனக்கு நெனவிருக்கா?" என்று கேட்டாள்.

"போனதும் செத்தேன்."

"இல்லட்டி. அவன் தரைல அறைஞ்சான், நீ குதிச்சிட்ட. மறுபடி அறைஞ்சான், மறுபடியும் குதிச்சிட்ட. மூணாவதுலதான் விழுந்த. என்னால ஒரு தடவகூடக் குதிக்க முடியல. அன்னைக்கு எல்லாரும் கத்திட்டுக் கெடந்தாவ, ஒருத்தரும் கவனிக்கல. நான் பாத்தேன்."

வண்டி வந்துவிட்டது. பெண்கள் பெட்டியில் ஏறி, ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் குதித்தது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.